மூழ்க மறுத்த கப்பல்

கடலைப் பார்க்காதவன் கப்பல் நாடகம் எழுதக் கூடாது. இந்த ஞானம் எனக்கு ஆளுயரத்துக்கும் மேலே, நுகத்தடியைக் கட்டிப்பிடித்துத் தொங்கும்போதுதான் வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் சும்மா இருந்தேன். (சும்மா இருப்பவனுக்கு யோசனை ஊறும். எங்கள் ஊரில் ஊறாதது கிணறு மட்டும்தான்.) பத்திரிகையில் ஒரு படம்: எங்கோ ஓர் உல்லாசக் கப்பல், அடுக்குமாளிகை மாதிரி, பாறையில் மோதி மூக்குக் குப்புறக் கிடந்தது. உடனே எங்கள் வாலிபர் சங்க விழாவுக்கு நாடகம் எழுதிவிட்டேன். கேப்டன் நான்தான். வேறு யார்?

விழாவன்று காலை அம்மா குண்டைப் போட்டாள்.

"நெய்க்காரப்பட்டிலருந்து பொண்ணோட அப்பா வாராக. ஒன்னையப் பாத்துப் பிடிச்சாத்தான் சம்மதம் சொல்லுவாக. இல்லேன்னா அப்படியே பஸ் ஏறிருவாக. ஒழுங்கா நடந்துக்க."

அந்தப் பெண்ணைப் பழனியில் ஒரு கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பலை மாட்டுவண்டி மேல் கட்டியிருந்தோம். நுகத்தடிப் பக்கம் மூக்கு, அதற்கு ஒரு முட்டுக்கட்டை. கட்டையை உருவினால் மூக்கு மெல்ல இறங்கும், கப்பல் மூழ்கும். சுற்றிலும் நீலப் புடவைகள். அவற்றுக்கடியில் நாலு பேர் குனிந்து ஆட்டினால் கடல். ஒத்திகையில் பயணிகள் மூன்று பேர். பிரமாதமாக மூழ்கியது.

அன்றைக்கோ வண்டி கொள்ளாத பயணிகள். (சங்கத்தில் சேர்ந்தவன் மேடை ஏறாமல் வீடு திரும்புவானா?)

திரைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினார்கள். பாறை மோதிவிட்டது! நான் எழுதியபடியே பயணிகள் அலறிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். பின்பாரம் ஏறினால் நுகத்தடி வானம் பார்க்கும் என்பது எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூடத் தெரியும். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கப்பல் எழுந்தது. மூக்கோடு நானும் எழுந்தேன். பாதிப் பயணிகள் கடலுக்குள் உருண்டார்கள். கடல் "ஆத்தே!" என்று நாலு திசையிலும் ஓடியது. மீதிப் பேர் பின்பக்கத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தார்கள். எது மேல், எது கீழ், எது வசனம், எது கூச்சல், ஒன்றும் புரியவில்லை. மேடை ஓரத்தில் வசனம் எடுத்துக்கொடுக்கும் என் நண்பன் காதர் மட்டும் கடமை தவறவில்லை.

"மூழ்குகிறோம்... சொல்றா, மூழ்குகிறோம்..."

தோரணத்தில் தலை மாட்டிய நிலையில் நானும், "மூழ்குகிறோம் மக்களே!" என்று முழங்கித் தொலைத்தேன்.

"ஏலே, கப்பல் பறக்குதுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

"காதரு, எறக்கிவிடுறா!"

"அது வசனத்துல இல்லையேடா மாப்ளே!"

கடைசிப் பயணியும் குதித்தான். மூக்கு தடாலென்று இறங்க, நான் சறுக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் ஒரு வெள்ளை வேட்டியின் மடியில் விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். நெய்க்காரப்பட்டிப் பெண்ணின் அப்பா.

தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு அவர் நிதானமாகக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, மூழ்குற கப்பல்ல எல்லாரையும் எறக்கிவிட்டுட்டுத்தான் கேப்டன் எறங்கோணும்னு சொல்லுவாங்க, நெசந்தானுங்களா?"

"ஆமாங்க" என்றேன், மடியிலிருந்தபடியே.

"நீங்களும் அப்படித்தான் எறங்குனீங்க. பொண்ணைக் குடுக்கறனுங்க."

இறங்க வழி தெரியாமல்தான் தொங்கினேன் என்று அவரிடம் சொல்ல இன்றுவரை தைரியம் வரவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அதுதான் தப்பு.

நெய்க்காரப்பட்டி ஸ்டாப்பில் மாமனார் காத்திருப்பார் என்பதால், கேப்டன் பெயரைக் காப்பாற்ற எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவேன். போன தடவை, நான் எழுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே கத்தினேன். கீழே மாமனார் பதறினார். என் மனைவி மூட்டையைத் தலையில் வைத்தபடி அவரைச் சமாதானப்படுத்துவது கேட்டது:

"விடுங்கப்பா, மூழ்கிட்டு வருவாருங்க."