ஏழு மருத்துவமனைகளில் ஒரு தம்பி

நகரத்தின் ஏழு மருத்துவமனைகளும் நோயாளிகளின் விவரங்களைத் தத்தம் கணினிகளில் தத்தம் விருப்பப்படி வைத்திருந்தன. எங்கிருந்தும் எந்தக் கணினியையும் ஒரே விதமாக வினவ வேண்டும் என்னும் உயரிய நோக்கத்துடன், 'பொது வினவல் நெறிமுறை' ஒன்றை வகுக்க அரசு குழு அமைத்தது. ஏழு இடங்களுக்கும் பொதுவாக இல்லாத எதையும் கேட்கலாகாது என்பது முதல் விதி. ஓரிடத்தில் வயதைக் குறிப்பதில்லை, வயது நீக்கப்பட்டது. இன்னோரிடத்தில் பெயருக்குப் பதிலாகக் கட்டில் எண், பெயரும் நீக்கப்பட்டது. குழு கலைந்தபோது எஞ்சியது ஒரே கேள்வி: "உங்களிடம் ஆண் ஒருவர் இருக்கிறாரா?" பெண்களுக்கான கேள்வி பரிசீலனையில் இருந்தது.

அந்த வாரமே தையற்காரி ஒருத்தியின் தம்பி பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தான். ஆம்புலன்ஸ் அவனை எங்கே கொண்டுபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனை வாசல்களில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நேரில் விசாரிப்பது நெறிமுறைக்குப் புறம்பாம். நெறிமுறையை நடத்தும் ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். தம்பியின் பெயர், புருவத்துத் தழும்பு, அவளே தைத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை எல்லாவற்றையும் சொன்னாள். அங்கிருந்த இயக்குநர் பரிவோடு கேட்டுக்கொண்டு, அவற்றுள் எதையும் பதியாமல் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க தம்பி ஏழு ஆஸ்பத்திரியிலயும் இருக்கார்."

"எனக்கு ஒரே தம்பிதான் சார்."

"அது உங்க வீட்டு விவரம். பொதுவானது இல்லையே."

எப்படியாவது அவனை வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று அவள் அழுதாள். இயக்குநர் மனமிரங்கி ஆணை பிறப்பித்தார். மாலையில் ஆம்புலன்ஸ் வந்தது. காலில் மாவுக்கட்டுடன் இறங்கினார், முன்பின் தெரியாத வழுக்கைத் தலையர் ஒருவர்.

அவள் தொலைபேசியில் முறையிட்டாள். இயக்குநர் பொறுமையாக, வந்திருப்பவர் ஆணா இல்லையா என்று கேட்டார். ஆண்தான் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் எல்லா விவரமும் பொருந்துகிறது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

வழுக்கைத் தலையர் தம் அக்கா வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அந்த அக்கா உடனே எடுத்தாள். ஆமாம், தன் தம்பிக்குப் பதிலாகப் புருவத்தில் தழும்போடு ஒரு பையன் வந்திருக்கிறான், மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது என்றாள். தையற்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க தம்பி தங்கமானவன்ங்க. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றான். இப்பகூட பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்."

"என் தம்பியா?"

"அவனேதான். ஆமா, மாத்தியே ஆகணும்னு ஏதாவது கட்டாயமா?"

தையற்காரி திரும்பிப் பார்த்தாள். வழுக்கைத் தலையர் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, குவிந்து கிடந்த சட்டைகளுக்கு, யாரும் சொல்லாமலே, பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டாயம்னு ஒண்ணுமில்ல," என்றாள்.

அவ்வாண்டு நெறிமுறை குறித்து எந்தக் குடும்பமும் புகார் அளிக்கவில்லை. வயிற்றுவலிக்காகச் சேர்ந்த இயக்குநருக்குப் பதிலாக வேறொருவரைப் பெற்றுக்கொண்ட அவருடைய மனைவிகூட.