பொத்தான் போட்டுவிடும் உத்தியோகம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். நலம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. என் மகளுக்கு ஒரு மாதமாக விரல் மூட்டெல்லாம் வீக்கம். காலையில் கையை மடக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது என்றார். “வேலியே பயிரை மேயுதுன்னு சொல்றீங்க” என்றேன். “அதேதான் சார். குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?” என்று ஒரு படிவத்தை நீட்டினார். நம் வீட்டு வழக்கப்படி மளமளவென்று பன்னிரண்டு ‘இல்லை’ போட்டேன். “இவ்வளவு ஆரோக்கியமான குடும்பத்தை நான் பார்த்ததே இல்ல சார்” என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

அவர் விடவில்லை. “மூட்டு மட்டும் இல்ல சார். ஒருத்தருக்கு மூட்டு, ஒருத்தருக்கு தைராய்டு, ஒருத்தருக்கு தோல்ல வெள்ளைத் திட்டுன்னு ஒரே வீட்டுல வேற வேற விதமா வரலாம். வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பழைய ஆல்பத்தை யாராவது இவரிடம் காட்டிவிட்டார்களா? கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும் நம் கம்பளி அத்தையைச் சோம்பேறி என்று எத்தனை கேலி செய்திருப்போம்! அவருக்கும் தைராய்டு என்னவென்று தெரியாது, நமக்கும் தெரியாது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்பாவை நினைத்துப் பார். ஊரெல்லாம் காலை எட்டு மணிக்குத் தையல் கடையைத் திறந்தால் அவர் மட்டும் பத்தரைக்குத் திறப்பார். தினமும் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது உன் உத்தியோகம். அம்மா முணுமுணுத்தால், “ஊருக்கே பொத்தான் வைக்கிறவன், வீட்லயாவது ராஜாவா இருக்கக்கூடாதா?” என்பார். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று உன்மேல் நான் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. ராஜாவுமில்லை, மந்திரியுமில்லை, அந்த மனிதருக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நம் இருவரையும் படிக்கவைத்தார்.

இனி உன் விஷயம். உனக்கு இருபது வயதில் முழங்கையில் வெள்ளைத் திட்டு வந்ததும் அப்பா முழுக்கை ரவிக்கை தைத்துக்கொடுத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் புது ஃபேஷன் என்றார். அடுத்த மாதமே தெருவில் பாதிப் பெண்கள் முழுக்கை கேட்டுக் கடையில் நின்றார்கள்! எதிர்வீட்டு டீச்சர் வியர்வையில் நனைந்தபடி நடந்துபோனது இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் மாமியார் கண்மூடும்வரை உன் முழங்கையைப் பார்க்கவே இல்லை. ஆகவே கேட்கிறேன்: அதைப் படிவத்தில் எழுதட்டுமா? ஒட்டிக்கொள்ளும் நோயில்லை, ஒளிக்கவேண்டிய குற்றமுமில்லை என்கிறார் டாக்டரம்மா. மறைக்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நாம் செய்யும் உதவியாம். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள். எனக்கு ஒரு குறையும் கிடையாது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நூறாண்டு நோய்நொடி இல்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: அத்தை, இது அண்ணன் மகள் எழுதுவது. கடிதத்தை மடித்து உறையில் போட அப்பாவால் முடியவில்லை, என்னிடம் கொடுத்தார். அதனால் படித்துவிட்டேன். வீக்கம் எனக்கல்ல, அவருக்கு. டாக்டரிடம் தன் கையைக் காட்ட என்னைத் துணைக்கு அழைத்துப்போனார், அவ்வளவுதான். இதை எழுத அவருக்கு ஆறு நாள் ஆனது. அடுத்த வாரம் எனக்கும் இரத்தப் பரிசோதனை, அதற்கும் இதே படிவம்தான். பயமாகத்தான் இருக்கிறது அத்தை. அப்பா போட்ட பன்னிரண்டு ‘இல்லை’யையும் அடித்துவிட்டு, தாத்தாவையும் கம்பளிப் பாட்டியையும் அப்பாவையும் நானே எழுதிவிட்டேன். உங்கள் வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.