வலது கால் டயர்

முப்பது வருடம் பஞ்சர் ஒட்டியவனுக்கு டயரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சனங்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு அந்த நினைப்பு போயிற்று.

புனேயில் கோர்படிப் பக்கம் என் கடை. எட்டுக்கு எட்டு. அதில் பாதி தண்ணீர்த் தொட்டிக்கு. மகள் கவிதா பேங்கில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் தினேஷைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நல்ல பையன். அவன் அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர். வேலூர்ப் பக்கம். வானவடியில் சொந்த ஃப்ளாட். அவரே போன் செய்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"டயர் பிஸினஸ் சார்."

(பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டு அவர் பெரிதாக ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன்.)

"டீக் ஹை. சண்டே காலைல டெக்டிக்கு வாங்க. நான் தினம் ஓடறேன். ஒரு ஆளை மேட்டுல ஓடவிட்டுப் பார்த்தா எனக்குப் போதும். இறங்கி வந்து கல்யாணம் பேசலாம்."

டெக்டி என்றால் குன்று. இந்த ஊரில் காலையில் பாதிப் பேர் ஏதாவது ஒரு டெக்டி மேல்தான் இருப்பார்கள். நான் இருந்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

"ஏழுமலைன்னு பேரை வச்சுக்கிட்டு ஒரு மலைக்கு இப்படி முழிக்கிறீங்களே" என்றாள் என் மனைவி செல்வி.

நல்ல மழைக்காலம் அது. என்னிடம் இருந்தது ஒரு கேன்வாஸ் ஷூ. அடி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"அப்பா, மழையில மலை ஏற தனி ஷூ விக்குது. வாங்கித் தர்றேன்" என்றாள் கவிதா.

"வேணாம்."

ஈரத்தில் வழுக்காமல் இருப்பதைப் பற்றி எனக்கு இன்னொருத்தன் சொல்ல வேண்டுமா? பட்டன், அதாவது மேலே உள்ள ரப்பர் மேடு, தேய்ந்த டயர் வழுக்கும். பட்டன் உள்ள டயர் பிடிக்கும். ஒரு ஸ்கூட்டரின் பின் டயரை அறுத்தேன். இரண்டு துண்டு. சொல்யூஷன் பசை போட்டு ஷூவின் அடியில் ஒட்டினேன். டயர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதில் அம்பு போட்டிருக்கும். இரண்டு காலிலும் அம்பு முன்னால் பார்க்கும்படி ஒட்டினேன். (அவ்வளவு கவனம்.) இடதை நிதானமாக ஒட்டினேன். வலது ஷூவை ஒட்டும்போது கடையில் மூன்று வண்டி வந்து நின்றது.

டெக்டி அடிவாரத்தில் சுபேதார் நின்றிருந்தார். ஒல்லி. அறுபதுக்கு மேல். என் காலைப் பார்த்தார். டயர் வளைவாக இருந்ததால் நான் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன். அவர் மேட்டைக் காட்டினார்.

"சின்னச் சின்ன அடியா வைங்க. உச்சியைப் பார்க்காதீங்க. காலுக்கு முன்னாடி தரையைப் பாருங்க. சலோ."

நான் உச்சியைப் பார்த்தேன். பெரிய அடியாக வைத்து அவரைத் தாண்டி ஓடினேன். பெண்ணைப் பெற்றவன் பின்தங்கக் கூடாது என்று நினைப்பு. டயர் அருமையாகப் பிடித்தது. ஐம்பது அடி. அதோடு மூச்சு முடிந்தது. அவர் பால் வாங்கப் போகிறவர் மாதிரி என்னைத் தாண்டிப் போனார். பேசிக்கொண்டே போனார். நான் கையால் பதில் சொன்னேன்.

பிறகு சேறு வந்தது. பட்டனுக்கு நடுவே போய் அடைத்துக்கொண்டது. வண்டியில் டயர் சுற்றும். சுற்றும்போது சேற்றை வீசி எறிந்துவிடும். கால் சுற்றாது. முப்பது வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லை. காலுக்கு ஒரு செங்கல் கட்டியது போல இரண்டு காலும் கனத்தது. எப்படியோ உச்சிக்குப் போனேன்.  

இறங்கும்போது வலது காலில் டப் டப் என்று சத்தம். முன்பக்கம் டயர் விட்டிருந்தது. அதை என் இடது காலே மிதித்தது. எனக்கு முன்னால் சுபேதார். அவர் இரண்டு காலையும் வாரிக்கொண்டு நான் போனேன். பாசி பிடித்த பாறை, சேறு, ஒரு முள் புதர். புதரில்தான் நின்றோம்.

கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். கவிதாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

சுபேதார் எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த டயர் துண்டை எடுத்தார்.

"இது என்ன?"

"டயர் சார்."

"எதோட டயர்?"

"ஸ்கூட்டர் பின் டயர்."

"யார் ஒட்டினது?"

"நான்தான். பிஸினஸ் எல்லாம் இல்ல சார். பஞ்சர் கடை."

அவர் என் இடது காலைத் தூக்கி அதிலிருந்த டயரைப் பிடித்து இழுத்தார். பலமாக. வரவில்லை.

"இது நிக்குது. அது ஏன் கழண்டுச்சு?"

"சொல்யூஷன் காயணும். காயறதுக்குள்ள வச்சு அமுக்கிட்டேன். அவசரம். என் தப்புதான்."

"ஹ்ம்" என்றார். கீழே இறங்கினோம். நான் ஒரு காலில் டயரும் ஒரு காலில் வெறும் கேன்வாஸுமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். எதிரே ஏறி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவில்லை. 

வீட்டில் கவிதா என் முகத்தைப் பார்த்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். 

சாயங்காலம் கடை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சுபேதார். கையில் ஒரு பை. அதில் அவருடைய ஷூ. நான் வாரியதில் பாறையில் மாட்டி அடி வாய் பிளந்திருந்தது.

"ஒட்டிக் குடுங்க" என்றார். "அவசரம் இல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழுவினேன். துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சொல்யூஷன் தடவிக் காய வைத்தேன். டீ வந்தது. காய்வதற்குள் எந்த மாதம் கல்யாணம் என்று பேசினோம், மண்டபம் பேசினோம். அதன் பிறகுதான் ஒட்டினேன்.

கல்யாணம் நடந்து சில வருடம் ஆயிற்று. இப்போது சம்பந்தியும் நானும் சேர்ந்துதான் ஓடுகிறோம். கவிதா வாங்கித் தந்த ஷூ. பட்டன் தள்ளித் தள்ளி இருக்கிறது. சேறு தானாக விழுகிறது. சின்னச் சின்ன அடி வைக்கிறேன். இப்போது மேட்டில் இரண்டொரு வார்த்தை பேசவும் முடிகிறது. எனக்கு அதற்கு மேல் பேச இருந்ததும் இல்லை.

ஆனால் மழை பிடித்தால் மாப்பிள்ளை போன் செய்துவிடுவார்.

"மாமா, ரெண்டு கால்லயும் காத்து பார்த்துட்டீங்களா?"

பின்னால் கவிதா சிரிப்பது கேட்கும்.  அந்த இடது ஷூ இன்னும் கடையில் ஆணியில் தொங்குகிறது. கடைக்கு வரும்போதெல்லாம் சம்பந்தி அதன் டயரை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். இதுவரை வரவில்லை.