அசல் கல்லாற்று நெத்தலி

கண்ணகை பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கண்டதும் ஸாஹிர் தாய்லாந்து நெத்தலி மூட்டையின் மேல் ஏறிக் குந்திக்கொண்டான். இடுப்புச் சாரனை விரித்து மூட்டையை மூடினான். தலைக்கு மேலே தொங்கிய பலகையைத்தான் மறந்துபோனான்.

காத்தான்குடியில் அவனுக்கு ஒரு சின்னக் கருவாட்டுக் கடை. பெரியகல்லாற்றுக் கண்ணகை நெத்தலியைக் காயவைத்து வாராவாரம் ஒரு மூட்டை தருவாள். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருஷம், சைக்கிளில் மூட்டையைக் கட்டி, வெயிலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள். அன்று அவள் வந்திராவிட்டால் இன்று கடையே இல்லை. அந்த நன்றியை ஸாஹிர் மறக்கவில்லை.

ஆனால், தாய்லாந்தோடு ஏதோ வர்த்தக ஒப்பந்தமாம், தீர்வை குறைகிறதாம் என்று கொழும்பு மொத்த வியாபாரி சொன்ன நாளிலிருந்து அந்த நாட்டு நெத்தலி அரை விலைக்கு வந்து குவிந்தது. ஊரில் எல்லாக் கடையிலும் அதுதான். இரண்டு அரசாங்கங்கள் கைகுலுக்கினால் ஒரு கருவாட்டுக் கடைக்காரனின் கை ஏன் நடுங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஸாஹிரும் வேறு வழியில்லாமல் அதையே வாங்கிப் போட்டான். கண்ணகையிடம் வேண்டாம் என்றால் அவள் பிழைப்பு போகும். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் இவன் கடை போகும்.

"என்ன தம்பி, கோழி அடைகாக்கிற மாதிரி இருக்கிறீங்க?" என்றாள் கண்ணகை.

"காலில ஒரு பிடிப்பு, அக்கா."

அவள் நிமிர்ந்து பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "தாய் நெத்தலி. அதென்ன தம்பி, தாய்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் பொய் எப்போதும் தேவைக்கு மேல் பெரிதாகத்தான் வரும்.

"ஒங்களத்தான் அக்கா. தாய் மாதிரி நிண்டு தந்த நெத்தலி. அதுதான் அப்பிடிப் போட்டன்."

கண்ணகை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என்ட கூடப்பிறந்ததுகள் கூட என்னை இப்பிடி நினைக்கல்ல. இனி ஒரு மூட்டை இல்ல தம்பி, ரெண்டு மூட்டை கொண்டு வாறன்."

இப்படியாக ஒரு மூட்டைத் தலையிடி இரண்டு மூட்டையானது.

விற்காத கல்லாற்று நெத்தலி முதலில் கடையின் பின்னறைக்குப் போனது. அது நிறைந்ததும் வீட்டுக்கு வந்தது. வீடு மனைவி நஸ்ஹாவுடையது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன். குடியிருப்பவன் கட்டிலுக்கு அடியில் கருவாட்டு மூட்டை வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"ஊர்ப் பூனையெல்லாம் நம்மட கட்டிலுக்குக் கீழ தவம் கெடக்கு. ஒண்டில் மூட்டை போகணும், இல்லாட்டி நீங்க போகணும்."

"அந்த அக்காக்கிட்ட எப்பிடி வேணாமெண்டு சொல்ற, நஸ்ஹா?"

"வாயாலதான்."

அந்த வாய்தான் அவனுக்கு வரவில்லை. சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்துப் பார்த்தான். சும்மா கிடைத்ததும் அவர்கள் கடைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மச்சான் ஹில்மி மட்டும் வந்து, "அடுத்த தரம் கொஞ்சம் கீரிமீன் கருவாடும் சேர்த்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் கிறிஸ்டியனைப் பிடித்தான். மட்டக்களப்புச் சந்தையடியில் ஓட்டோ ஓட்டும் பறங்கியர். உள்ளூர் ஓட்டோவில் ஏற்றினால் பொழுது படுவதற்குள் கதை கல்லாறு வரை போய்விடும். கிறிஸ்டியன் வாய் திறக்காத மனிதர். வாராவாரம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய், சந்தையில் ஒரு மொத்தக் கடையில் நட்டத்துக்குப் போட்டுவிட்டு வருவார். தாய்லாந்தில் வந்த இலாபம் கல்லாற்றில் கரைந்தது.

ஒரு விஷயம் மட்டும் ஸாஹிருக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணகையின் நெத்தலி வாராவாரம் இன்னும் நன்றாகக் காய்ந்து வந்தது. கையில் எடுத்தால் சுக்குச் சுக்காக நொறுங்கியது. எவ்வளவு அக்கறையாகக் காயவைக்கிறாள் என்று அவன் உருகிப்போனான். வேண்டாம் என்று சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒருநாள் நஸ்ஹா கடைக்கே வந்து நின்றாள். "இண்டைக்கு நீங்க சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லுவன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கிறிஸ்டியனின் ஓட்டோ வந்து நின்றது. உள்ளே இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் கண்ணகை.

"பஸ் வரல்ல தம்பி. இவர் தெரிஞ்ச ஆள்தான்," என்று இறங்கினாள்.

ஸாஹிர் கிறிஸ்டியனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கண்ணகையும் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கிறிஸ்டியன் தலையைச் சொறிந்துகொண்டு மூட்டையை இழுக்கப் போனார்.

"அக்கா, ஒரு கத சொல்லணும்," என்று தொடங்கினான் ஸாஹிர்.

"நான் முதல்ல சொல்லிர்றன் தம்பி. என்ட நெஞ்சு தாங்குதில்ல." கண்ணகை கடையில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். "கல்லாத்தில பிடிக்கிறதெல்லாம் இப்ப பச்சையாவே ஐஸ் லொறியில போகுது. வெளிநாட்டுக்காம். மகனுக்கும் அதிலதான் வேல, நல்லா இருக்கிறம். ஆனா காயவைக்க ஒரு பிடி நெத்தலி மிஞ்சிறல்ல."

"அப்ப இவ்வளவு நாளும் தந்தது?"

"வெளியில வாங்கித் தந்தன். கொரோனா நேரம் ஒருத்தரும் எடுக்காத சரக்க வான் அனுப்பி எடுத்தது நீங்க. பொறகு, தாய் எண்டு பலகையும் போட்டீங்க. அந்த மனிசனுக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்ற?"

ஸாஹிருக்குக் கண் கலங்கியது. அவள் பிழைப்பு போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பலகையின் உண்மையைச் சொன்னான். கல்லாற்று நெத்தலி விற்பதில்லை, நன்றிக்காகத்தான் எடுத்தேன் என்றும் சொன்னான். கண்ணகை அழுதுகொண்டே சிரித்தாள். நஸ்ஹாவும் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் கணக்காகக் கேட்டாள்:

"கல்லாத்திலயே இல்லாத கல்லாத்து நெத்தலிய எங்க அக்கா வாங்கினீங்க?"

மூட்டையைப் படியில் இறக்கிவிட்டுக் கிறிஸ்டியன் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லாத எண்டதால நான் பேசாம இருந்தன். ஸாஹிர் நானா சந்தையில போடச் சொல்றதத்தான் அக்கா அங்க வாங்கி, என்ட ஓட்டோவில ஏத்திப் போய்க் கல்லாத்தில காயவச்சு, திரும்ப இங்க கொண்டு வாறா. இந்த நெத்தலிக்கு இப்ப ரோட்டெல்லாம் பாடம்."