பெட்டிக்கு மேல இருந்த காவல்

உனக்கு வேற வேலை இல்லையோ மோனை? கிழவியின்ர மானம் போன கதையைக் கேட்டு என்ன சோதினையே பாஸ் பண்ணப்போறாய்? சரி, உன்ர அப்பன் அரைகுறையாச் சொல்லி என்னை இன்னும் நாறடிக்க முதல் நானே சொல்லிப்போடுறன்.

எனக்கு ஒரு இடத்தில குந்தியிருக்க ஏலாது. கோயில்ல பூசை முடிய முதலே செருப்புத் தேடுற ஆள். அப்பிடிப்பட்டவளைப் பிடிச்சு, அசையாமல் இருக்கிற வேலைக்கு வைச்சவள் என்ர மனுசன்ர தங்கச்சி வசந்தி. (படிச்சவள்தான். ஆனா ஆளைத் தெரிஞ்செடுக்கத் தெரியேல்லை.)

கூப்பனுக்குச் சீனி குடுத்த காலம் முடிஞ்சு, கடையளில தாராளமா வரத் துடங்கின நேரம். வசந்தி புளியங்குளத்தில விஞ்ஞான ரீச்சர். அவள் படிப்பிக்கிறதைப் பாக்க வவுனியாவில இருந்து ஒரு அதிகாரி வாறாராம். அவருக்குப் பிடிச்சாத்தான் வேலை நிரந்தரம். இல்லாட்டி வீட்டை வரவேண்டியதுதான். (வீட்டை எண்டா என்ர குசினிக்கு! எனக்கும் பயம் இருக்காதே?)

"மச்சாள், கிருமிக்குச் சும்மா சீனி கிடைச்சா அதைத்தான் முதல்ல தின்னும்," எண்டாள். "பாலுக்குள்ளயும் ஒரு சீனி இருக்கு. அதைத் தின்னுறதெண்டா உடைக்க ஆயுதம் வேணும். ஆயுதம் செய்யிற விபரம் கிருமியின்ர உடம்புக்குள்ளயே கிடக்கு. ஆனா தேவையில்லாத நேரம் செய்யவிடாமல் ஒரு காவல் அதுக்கு மேல ஏறி இருக்கும்."

"கிருமிக்கே இவ்வளவு மூளையோ? உன்ர அண்ணருக்கு..."

"பகிடியை விடுங்கோ. நீங்கதான் அந்தக் காவல்."

"ஏன் நான்?"

"பாரமான ஆள் வேணும்."

விளையாட்டு இதுதான். வகுப்புப் பெட்டையள்தான் கிருமி. ஒரு தட்டில சீனி. பால்ச் சீனிக்குப் பதிலா மற்றத் தட்டில உடைக்காத முழுப் பனங்கட்டி. அதை உடைக்கிற சுத்தியல் ஒரு சவுக்கார மரப்பெட்டிக்குள்ள. பெட்டிக்கு மேல நான். சீனி முடிஞ்சு, பனங்கட்டியைக் கொண்டுவந்து என்ர மடியில வைச்சால்தான் நான் எழும்ப வேணும். இவ்வளவும்தான். மாடும் செய்யும்.

அதிகாரி வந்து கதிரையில இருந்தார். சிரிக்கத் தெரியாத முகம். அதைக் கண்டு கிருமியளுக்கு வெக்கம் வந்திட்டுது! எறும்பு எடுக்கிறமாதிரி ஒவ்வொரு மணியா எடுத்து வாயில வைக்குதுகள். சீனி முடியிறதா இல்லை. எனக்குக் கால் விறைக்குது, முதுகு நோகுது. 'தின்னுங்கோடி' எண்டு கண்ணால காட்டுறன். அதுகள் நிலத்தைப் பாக்குதுகள்.

மெய்யான எறும்புக்கு என்ன வெக்கம்? சிந்தின சீனிக்கு வந்த சுள்ளெறும்பு என்ர சீலைக்குள்ள ஏறிச்சுது. பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன். தொடைக்கு வந்திட்டுது மோனை! "ஐயோ அம்மா!" எண்டு துள்ளினன். பெட்டி பிரண்டு சுத்தியல் அதிகாரியின்ர சப்பாத்தடியில போய் விழுந்தது. பதகளிப்பில அதை எடுத்தன். எடுத்த கையோட பனங்கட்டியைப் போட்டு உடைச்சு, "சேர், சாப்பிடுங்கோ" எண்டு நீட்டிப்போட்டன்.

"அம்மா, சீனி இன்னும் குவிஞ்சு கிடக்கே?" எண்டார் அவர்.

எனக்கு வசந்தி என்ர குசினிக்குள்ள தேங்காய் துருவுறது கண்ணுக்குத் தெரியுது.

பிறகு அவள் தொண்டையைச் செருமினாள். "சேர், இப்பிடியும் கிருமி இருக்கு. காவல் பழுதாப்போனா, ஒருத்தரும் கேளாமலே ஆயுதம் செய்துகொண்டிருக்கும். பிள்ளையள், அதால என்ன நட்டம்?"

முன்வாங்கில இருந்த பெட்டை ஒருத்தி எழும்பினாள். "சக்தி வீணாப்போகும் ரீச்சர்."

"சக்தி வீணாப்போனா?"

"நல்லா வளராது ரீச்சர்," எண்டு சொல்லிப்போட்டு குள்ளமான என்னை மேலயும் கீழயும் பாத்தாள். அவ்வளவுதான், வகுப்பே வெடிச்சுச் சிரிச்சுது. அந்த அதிகாரியும் பனங்கட்டியை வாயில வைச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார்.

வசந்திக்கு வேலை நிரந்தரமாச்சுது. எனக்குப் பெயர் நிரந்தரமாச்சுது. இண்டைக்கும் நான் கலியாணவீட்டில தாலி கட்ட முதல் எழும்பினா, "பழுதான காவல் வெளிக்கிட்டிட்டுது" எண்டு உன்ர அப்பன் கத்துவான்.

அண்டைக்குப் பின்னேரம் வேலியடியில அயல்சனம் கூடிட்டுது. "பள்ளிக்கூடத்தில என்ன நடந்ததாம்?" எண்டு கேட்டுதுகள்.

"என்ன நடந்தது? அதிகாரிக்குப் பாடம் விளங்கேல்லை," எண்டன். "நான் எழும்பித்தான் விளங்கப்படுத்த வேண்டி வந்தது."