ஐம்பது கூடுகளை நான் நசுக்கிய விவகாரம்

போர்ட் கிளின்டன், ஒஹாயோ
ஜூலை 9

மதிப்பிற்குரிய லோவெல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோரீனின் கணவன் ஹார்லன் எழுதுவது. நான் நலம். நீங்களும், புரை எடுத்த உங்கள் வலது கண்ணும் நலம்தானே? நாற்பது வருடமாக ‘மச்சான்’ என்று கூப்பிட்ட வாய்தான். மூன்று வாரமாக நீங்கள் பேசாததால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, “மாநிலத் துப்பாக்கிப் போட்டிக்குள்ள இந்த ஐம்பது கூட்டையும் சுத்தம் பண்ணி, ஒண்ணொண்ணா பாத்து வைடா” என்று மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்கான உங்கள் பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கொடுத்தது நீங்கள்தான். நானும் பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டேன். மூன்று கூடு மெஷினின் குழாய்க்குள் போய், அதைக் கழற்றி, சமையலறை முழுக்கத் தண்ணீராகி, பிறகு பளபளப்பாக்க வால்நட் ஓட்டுத் தூள் நிரப்பிய உருளையில் போட்டு உருட்டினால், மூடி கழன்று தூள் பறந்து என் ஓட்ஸ் கஞ்சியில் விழுந்து, இரண்டு நாள் பல்லெல்லாம் நறநறத்தது. இதையெல்லாம் நான் சொல்லிக் காட்டினேனா?

அப்புறம் பரிசோதனை. வளைந்த கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடிச்சுவரைத் தடவ வேண்டும், சுட்டுச் சுட்டு மெலிந்திருந்தால் அங்கே கம்பி சிக்கும். என் பழைய கம்பியைக் காணோம். புதிதாக ஒன்றை வெட்டி வளைத்து விட்டேன். சிக்கியது. அடுத்ததும் சிக்கியது. ஐம்பதும் சிக்கியது! எனக்கு வியர்த்துவிட்டது. சுடும்போது கூடு பிளந்தால் சூடு முகத்தில்தான் அடிக்கும், அதுவும் இப்போதுதான் ஆபரேஷன் ஆன கண். பழுதான கூட்டை யார் கண்டாலும் உடனே குறட்டால் நசுக்கிவிட வேண்டும் என்பது நம் கிளப் வழக்கம். ஐம்பதையும் நசுக்கினேன்.

கிளப்பில் காலைச் சாப்பாட்டின்போது நான் நீட்டிய கூட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“உன் கண்ணக் காப்பாத்தியிருக்கேன், மச்சான்.”

“மூணே தடவை சுட்ட கூடுடா. என் துப்பாக்கிக்குன்னே வாகா அமைஞ்சது. இனி எதைப் போட்டுச் சுடுறது, உன் மண்டையையா?”

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “பித்தளையைப் பராமரிக்கத் தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதுக்கு?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

போங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை ரெண்டு கப் காபி போட்டு ரெண்டையும் நானே குடிச்சேன். என் நூறு கூட்டையும் மூணு தடவை எடை போட்டாச்சு, மாறவே இல்லை, எப்படி மாறும்? டிவியில் வானிலை சொல்றவன்கிட்ட “அப்படியா?”ன்னு கேக்குறேன். நோரீன் போய்ச் சேர்ந்தப்புறம் இந்தக் கதவைத் தட்டுறது நீ ஒருத்தன்தான், அதுவும் நின்னுபோச்சு. ரொம்பக் கஷ்டமா இருக்கு.

ஆனாலும் தப்பு என்மேல் இல்லை, மன்னிப்புக் கேட்க மாட்டேன். சனிக்கிழமை போட்டியில் நான் தனியாகவே சுடுவேன், கோப்பையும் எனக்குத்தான். உங்கள் மனைவி எடித் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹார்லன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன், சும்மா ஒரு திருப்திக்காக, ஒருமுறைகூடச் சுடாத புத்தம் புதுக் கூட்டில் அந்தக் கம்பியை விட்டுப் பார்த்தேன். சிக்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கம்பி நுனியில் நான் வெட்டிய இடத்தில் பிசிறு. உன் ஐம்பதும் நல்ல கூடு, மச்சான். தப்பு முழுக்க என்னுது. எல்லார் முன்னாலும் சொல்றேன். என் கூடு உன் துப்பாக்கிக்குச் சேராதுன்னு தெரியும், அதனால கூட்டையும் என் துப்பாக்கியையும் சேர்த்தே எடுத்துக்க. கிளப்புக்கு போன் பண்ணி, சனிக்கிழமை போட்டியில என் பேரை அடிச்சுட்டு உன் பேரைப் போடச் சொல்லிட்டேன். நான் பக்கத்துல உக்காந்து குண்டு எங்க விழுதுன்னு பாத்துச் சொல்றேன். நீ பதில்கூடப் பேச வேண்டாம்.