பிரேக்குக்குத் தேங்காய் எண்ணெய்

வாழ்க்கையில் நான் எதையுமே உரிய நேரத்தில் நிறுத்தியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேச்சு, சாப்பாடு, பொய் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆனால் என் மனைவி வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது ஒரேயொரு தடவையைப் பற்றி. அன்று நான் நிறுத்தத் தவறியது ஒரு மலைச் சைக்கிளை.

மட்டக்களப்பில் மலைச் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பெரியகல்லாற்றில் ஆக உயரமான இடம் கோயில் கோபுரம்தான். (அதில் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள்.) சுனாமிக்குப் பிறகு நான் வேலை செய்த நிவாரண அலுவலகத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது தன்னுடைய சைக்கிளை என் கையில் தந்துவிட்டுப் போனார். தடித்த டயர், இருபத்தொரு கியர். சாதாரண சைக்கிளில் ரப்பர் கட்டை விளிம்பைப் பிடிக்கும். இதிலோ சக்கரத்தின் நடுவே ஒரு மினுங்கும் இரும்புத் தட்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக். கியர்களில் இரண்டை மட்டும் பாவித்துக்கொண்டு, இருபத்தொன்றையும் பற்றி அலுவலகத்தில் பேசிக்கொண்டு திரிந்தேன்.

யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தார் எல்லாருமாகச் சைக்கிளில் வாவிக்கு அக்கரை, படுவான்கரைக்குப் போவோம் என்று வதனி சொன்னாள். அவளும் என் அலுவலகம்தான். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்து, அவளுடைய மண்டூரில் மதியச் சாப்பாடு, பிறகு வயல் வட்டைகளின் ஊடாகப் பழுகாமம் வரை. எனக்கும் வதனிக்கும் இடையில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. அது அலுவலகம் முழுக்கத் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. மதியச் சாப்பாடு என்பது உண்மையில் அவளுடைய அம்மா என்னைப் பார்ப்பதற்கான ஏற்பாடு.

இதில் எனக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அப்படியானால் வேலைக்குப் போய்வர நான் தினமும் இரண்டு தரம் வாவியைக் கடக்க வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அன்று, நான்கு மணித்தியாலம் ஒரு தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்று போனவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருடம் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் பட நான் விட்டதில்லை. குளிக்கிற வாளியைக்கூடப் பாதிதான் நிரப்புவேன்.

"தண்ணிக்கு மேலால வந்து போறதுக்கு உங்களுக்கு ஒண்டுமில்லயே?" என்று வதனி ஒரு நாள் கேட்டாள்.

"எனக்கென்ன? நான் கடற்கரைக் கல்லாத்து ஆள்" என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளைத் துடைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கீச்சென்று கத்தியது. வருங்கால மாமியார் வீட்டு வாசலில் அப்படி வந்து இறங்க முடியுமா? கடற்காற்றில் கிடக்கிற ஊரில் சத்தம் போடும் எதற்கும் மருந்து ஒன்றுதான். கதவுப் பிணைச்சலுக்கும் தையல் மெஷினுக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் போடுகிற அதே தேங்காய் எண்ணெயை இரண்டு தட்டுகளுக்கும் தாராளமாக ஊற்றி, துணியால் தேய்த்தும் விட்டேன். சத்தம் நின்றது. ஏறி ஓட்டிப் பார்த்தபோது சைக்கிள் நிற்கவில்லை. எங்கள் வாசல் படலையைத் தாண்டி, அடுத்த வளவு வேலியில் போய்த்தான் நின்றது.

மருதமுனையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு ஓடினேன். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தட்டை விரலால் தொட்டு, விரலை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார்.

"பொரிக்கப் போறீங்களா தம்பி?"

"கத்துது நானா, அதான்."

"பிரேக் எண்டா கத்தும். எண்ணெய் பிரேக் கட்டைக்குள்ள ஊறிட்டு. புதுசு கொழும்பில இருந்துதான் எடுக்கணும்." மண்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், கழுவிப் பார்த்தார். கடைசியில் "ஓடலாம், நிப்பாட்ட ஏலாது. நாளைக்குப் போகாதீங்க" என்றார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தொரு கியர் பற்றி அவ்வளவு பேசியவன் எந்த முகத்தோடு வராமல் இருப்பது? அதோடு என் மூளை இனிமையாக ஒரு கணக்குப் போட்டது: மட்டக்களப்பில் இறக்கம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? காலை ஊன்றினால் நின்றுவிடும்.

ஞாயிறு காலை குருமண்வெளி வீதியில் நான் கடைசியாகப் போனேன். மூடுபனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்குப் பின்னால் வாவி வெள்ளையாகக் கிடந்தது. எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. சைக்கிள் சத்தமேயில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் மண்டூர் வீட்டு மாப்பிள்ளையாகி, பிள்ளைகளுக்குப் பெயரும் வைத்து முடித்திருந்தேன். அப்படியே, மட்டக்களப்பில் இருக்கிற அந்த ஒரேயொரு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் துறை.

வாகனம் ஏற்றுகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். மற்ற எல்லாரும் இறங்கிச் சைக்கிளை உருட்டிப் பாதையில் ஏறிவிட்டார்கள். வதனி திரும்பிப் பார்த்தாள்.

"நில்லுங்க" என்றாள்.

"ஏலாது" என்றேன்.

காலை ஊன்றினேன். செருப்பு மட்டும் நின்றது. பலகையில் தடதடவென்று ஏறி, தயிர்ச் சட்டிகளுக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே புகுந்தேன். பாதைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். பிறகு மறு முனை வந்தது, அதற்குப் பிறகு பலகை இல்லை. காற்றில் இருந்த அந்தக் கணம் மிக நீளமானது. தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தது நன்றாக ஞாபகம்.

விழுந்ததும் கத்தினேன். காப்பாற்றச் சொல்லி, எனக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் சொல்லிக் கத்தினேன். அந்தத் தென்னை மரத்தை மறுபடியும் கட்டிப்பிடித்தேன். (அது சைக்கிள் என்று பிறகு தெரிந்தது.) அப்போது மேலேயிருந்து வதனியின் குரல் ஆறுதலாக வந்தது.

"எழும்பி நில்லுங்க."

எழும்பி நின்றேன். தண்ணீர் இடுப்பு வரைக்கும் இருந்தது.

யாரும் உடனே சிரிக்கவில்லை. எனக்கும் ஏறிவரத் தோன்றவில்லை. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. சைக்கிளைக் கட்டிப்பிடித்த சட்டையிலிருந்து தேங்காய் எண்ணெய் பிரிந்து, வெயிலில் நிறம் நிறமாகச் சுற்றிப் பரவியது. சின்ன மீன்கள் காலை வந்து முட்டின. ஐந்து வருடம் நான் பயந்திருந்த தண்ணீர், என்னை ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வதனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"தண்ணிக்குப் பயமா?"

"ஓம்" என்றேன்.

"இதத்தானே அண்டைக்கும் கேட்டனான்" என்று என் தலையில் கிடந்த பாசியை எடுத்தாள். "மறுகா அழலாம். அம்மா சோறு ஆக்கி வெச்சிருக்கா."

எண்ணெயும் சேறுமாக மண்டூர் வாசலில் நின்ற என்னை மாமி ஏற இறங்கப் பார்த்தார். "இவர்தானா? நீந்தியா வந்தவர்?" என்றுதான் கேட்டார்.

அடுத்த வருடமே நான் அந்த வீட்டுக்காரன் ஆகிவிட்டேன். தினமும் பாதையில் போய்வருகிறேன். வீட்டில் எதற்காவது நான் பதறினால் மாமி தொடங்கி எல்லாரும் சொல்வது அந்த இரண்டு சொல்தான். போன வருடம் துறையில் மகள் சறுக்கி விழுந்து, என்னைப் போலவே கத்தினாள். என் வாயிலும் அதுவே வந்தது: "எழும்பி நில்லு." எழும்பி நின்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. கரையிலிருந்து வதனி என்னை முறைத்தாள். ஆனால் அதற்குள் நான் தண்ணீருக்குள் இருந்தேன், பிள்ளை என் தோளில் இருந்தாள். எப்போது குதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.